கோடியக்கரையில் வலசைப் பறவைகளைக் கண்டு, எண்ணி, பதிவு செய்தல்: ஆகஸ்ட் முதல் நவம்பர் வரைக்கான முழுமையான வழிகாட்டி

வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் கோடியக்கரை இருக்கிறது. கிழக்கே மணற்கரை, நடுவில் வறண்ட பசுமைமாறாக் காடு, மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை விரியும் சதுப்பு, அதன் வடக்கே உப்பளங்கள் என்று நான்கு விதமான நிலம் இங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளது. 2002-ல் ராம்சர் தளமாக (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட இப்பகுதிக்கு ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் பலர் தொலைநோக்கியுடன் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். எதிரே நூற்றுக்கணக்கான சாம்பல் நிறப் பறவைகள் நிற்க, உடனே கையேட்டைத் திறந்து முதல் பறவையின் பெயரைத் தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது, கூட்டமும் பறந்துவிடுகிறது.

பெயர் காண்பது இந்த வேலையின் பிற்பகுதியில் வர வேண்டியது. நீர் எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம், கூட்டத்தில் மொத்தம் எத்தனை பறவைகள் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே இனத்துக்குப் போக வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

1. எந்த மாதத்தில் எதைத் தேடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வலசை என்பது ஒரே நாளில் நடந்து முடியும் வருகை அன்று. ஆர்க்டிக் பகுதியிலும் நடு ஆசியாவிலும் இனப்பெருக்கத்தை முடித்துக்கொண்டு வளர்ந்த பறவைகள் முதலில் கிளம்புகின்றன. அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகள், பெற்றோரின் துணையின்றி, சில வாரங்கள் கழித்து வருகின்றன. ஆகவே ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் தென்படும் கரையோரப் பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பெரும்பாலும் வளர்ந்தவை. இளம் பறவைகள் செப்டம்பரிலிருந்து கலக்கத் தொடங்கும்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் கரையோரப் பறவைகளைக் கற்றுக்கொள்ள மிகப் பொருத்தமானவை. ஊசிவால் வாத்து போன்ற வாத்துகளும், பூனைப்பருந்துகளும் அக்டோபர், நவம்பரில் கூடும். கடற்காகங்கள் அதற்கும் பிந்தியே பெருகும். பூநாரைக் கூட்டத்துக்காக மட்டும் செப்டம்பரில் வருபவர்கள் ஏமாற நேரிடலாம். மழைக்குப் பிறகு சதுப்பில் நீரின் ஆழமும் உப்பும் அவற்றுக்கு ஏற்றபடி அமைந்த பிறகே அவை பெருங்கூட்டமாகச் சேரும்.

முதன்முறை வருபவர் செப்டம்பர் இறுதி வாரங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. பெருமழை தொடங்கியிருக்காது, பாதைகளில் நடக்க முடியும், வளர்ந்த பறவைகளும் இளம் பறவைகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

2. புறப்படுமுன் முடிக்க வேண்டியவை

கோடியக்கரை ஒரு வனவிலங்கு சரணாலயம். உள்ளே நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. எந்தப் பாதையில் செல்லலாம், வாகனம் எதுவரை போகலாம் என்பதையும் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உப்பளங்களுக்கு இந்த அனுமதி செல்லாது. அவை பிறர் தொழில் செய்யும் இடம் என்பதால் அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் தனியே கேட்க வேண்டும். இந்த இரண்டாவது அனுமதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாதி வரப்பில் நடந்த பிறகு திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

கருவிகளில் 8×42 அளவுள்ள (8 மடங்கு காட்டும், 42 மி.மீ. முன்வில்லையுள்ள) இருகண் நோக்கி போதுமானது. 10 மடங்கு காட்டும் நோக்கியில் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும்; கடற்காற்றில் அது பெரிய இடையூறு. சதுப்பின் நடுவில் நிற்கும் கூட்டத்தைப் பிரித்தறிய முக்காலியில் பொருத்தும் ஒற்றைக்கண் தொலைநோக்கி அவசியம். குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும். கேமரா இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், ஆனால் அதை நோக்கிக்கு மாற்றாகக் கருதாதீர்கள். படம் எடுக்கும் முனைப்பில் பறவையின் நடத்தை கண்ணில் படாமலே போய்விடுகிறது.

மங்கிய நிற உடை, அகலமான தொப்பி, வார் வைத்துக் கட்டும் காலணி, தேவைக்கு மேல் குடிநீர் ஆகியவை வேண்டும். சதுப்பிலும் உப்பளத்திலும் நிழல் அறவே இல்லை. குறிப்பேட்டுக்குப் பென்சிலையே பயன்படுத்துங்கள். ஈரக் காற்றில் பேனா மை பரவிவிடும்.

3. பறவையைத் தேடுவதற்கு முன் நீரைப் படியுங்கள்

இந்தப் பகுதியைத்தான் மிக நிதானமாகக் கற்க வேண்டும். கரையோரப் பறவை எங்கே நிற்கும் என்பதை அதன் கால் நீளமும் நீரின் ஆழமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கொசு உள்ளானால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் வசதியாக இரை தேட முடியாது. சற்று நீண்ட காலுள்ள பவளக்காலியும் பச்சைக்காலியும் அதைவிட ஆழத்தில் நடக்கும். நீண்ட அலகுள்ள மூக்கன்கள் வயிறு நனையும் வரை இறங்கும். பூநாரைகள் இவை எல்லாவற்றையும் தாண்டி நிற்கும். எனவே நீர்ப்பரப்பைப் பார்த்த உடனே, ஓரத்திலிருந்து நடு வரை எந்தெந்தப் பறவை எங்கெங்கே இருக்கும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம்.

கடலின் ஏற்றவற்றம் இக்கரையில் சிறியது; ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் நிலம் கிட்டத்தட்டத் தட்டையாக இருப்பதால், ஒரு சாண் நீர் வற்றினாலும் பெரிய சேற்றுப் பரப்பு வெளிப்படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதி. அஷ்டமியை ஒட்டி இரண்டும் குறைவு. உயர் ஓதம் (ஏற்றத்தின் உச்சம்) நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் கணிப்பை முந்தின இரவே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓதம் தாழும்போது பறவைகள் பரவி இரை தேடும். ஏறும்போது ஓரிடத்தில் கூடி ஓய்வெடுக்கும். நடத்தையையும் அலகின் பயன்பாட்டையும் கற்க வேண்டுமானால் வற்றத்தில் செல்லுங்கள். எண்ண வேண்டுமானால் ஓதம் உயர்வதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அவை கூடும் இடத்துக்கு எதிரே போய் அமர்ந்துவிடுங்கள். அவை வந்து சேர்ந்த பிறகு நீங்கள் போனால், அவை எழுந்துவிடும்.

அடுத்தது காற்று. சதுப்பில் நீர் மெல்லிய தகடு போலப் பரந்திருப்பதால் பலமான காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். வாடை (வடகிழக்குக் காற்று) வீசினால் நீர் தென்மேற்கில் ஏறி, வடகிழக்கில் சேறு வெளிப்படும். சோழகம் (தெற்கிலிருந்து வரும் காற்று) வீசினால் இது மாறும். நேற்று ஆயிரம் பறவைகள் நின்ற இடம் இன்று வெறுமையாகக் கிடந்தால், அவை போய்விட்டன என்று எழுதுவதற்கு முன் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். கடலுக்குப் போய் வந்த மீனவர்களிடம் கேட்டால், காற்று எப்போது திரும்பியது என்பதை மணிக்கணக்கோடு சொல்வார்கள்.

மூன்றாவது மழை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்குகிறது. அதற்கு முன் சதுப்பின் பெரும்பகுதி காய்ந்து கிடக்க, உப்பளங்களுக்காகக் கடல்நீரை இறைத்துத் தேக்கும் பாத்திகளில் பறவைகள் நெருங்கி நிற்கும். மழை பெய்ததும் சதுப்பு நிரம்பும், பறவைகள் சிதறும், எண்ணிக்கை குறைந்துவிட்டதாகத் தோன்றும். இது குறைவு அன்று, பரவல். நீர் மேலும் உயரும்போது சிறிய உள்ளான்கள் ஓரங்களுக்கு விலக, நெடுங்கால் உள்ளான்களும் வாத்துகளும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

உப்பளத்துக்குள்ளும் எல்லாப் பாத்திகளும் ஒன்றல்ல. கடல்நீர் முதலில் வந்து சேரும் பாத்திகளில் மீன் இருக்கும். அங்கே ஆலாக்களையும் கூழைக்கடாக்களையும் தேடலாம். உப்பு ஏறிய நடுப்பாத்திகளில் மீன் இராது. சிற்றிறால்களும் ஈக்களின் புழுக்களும் பெருகும். உள்ளான்கள் அங்கேதான் கூடும். உப்பு விளையும் கடைசிப் பாத்திகளில் அநேகமாக எதுவும் இராது. வெள்ளையாகப் பளிச்சிடும் பாத்திகளை நோக்கி முதலில் நடப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

4. வெயிலை முதுகில் வைத்து வழியை வகுத்துக்கொள்ளுங்கள்

காலையில் கிழக்குக் கடற்கரைக்குச் சென்றால் சூரியன் கடலின் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும். அலையோரத்தில் ஓடும் பறவைகள் எல்லாம் கருநிழலாகத் தெரியும். கால் நிறமோ அலகின் அடிப்பகுதியோ புலப்படாது. ஆகவே காலையில் சதுப்பின் கிழக்கு விளிம்பில் நின்று மேற்கு நோக்கிப் பாருங்கள். கிழக்குக் கரையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைக் கடற்காற்றின் மேல் உள்ள விருப்பத்தால் இந்த வரிசையை மாற்றுகிறவர்கள் இரண்டு இடங்களிலும் சரியாகப் பார்க்க முடியாமல் திரும்புகிறார்கள்.

காலை 6 மணிக்கே நிலைக்கு வந்துவிட வேண்டும். ஏறத்தாழ 9.30 மணிக்கு மேல் கானல் எழத் தொடங்கும். தொலைநோக்கியில் 40 மடங்கு பெரிதாக்கினாலும் பறவை நெளிந்து நெளிந்து தெரியும். அப்போது உருப்பெருக்கத்தைக் கூட்டுவது பயன் தராது, 20 மடங்குக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். நண்பகலைக் காட்டுப் பகுதிக்கு ஒதுக்குங்கள்.

காற்று பலமாக இருக்கும் நாளில் வேறு ஒரு கணக்கும் உண்டு. வாடையில் கிழக்குக் கரை கொந்தளிக்கும், தெற்கே நீரிணைப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். ஆலாக்களும் சிறிய உப்புக்கொத்திகளும் அந்தப் பக்கம் ஒதுங்கக் காணலாம்.

இடி முழங்கினால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு வாகனத்துக்குத் திரும்புங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான வெளியில், உலோக முக்காலியுடன் நிமிர்ந்து நிற்கும் ஒரே உருவம் நீங்கள்தான்.

5. நெருங்காமல் நெருங்குதல்

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, கரைந்துபோன கொழுப்பை இங்கேதான் திரும்பச் சேர்க்கிறது. பலவற்றுக்கு இன்னும் இலங்கை வரை போக வேண்டியிருக்கும். நாம் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பங்கு செலவாகிறது. ஆகவே தூரம் என்பது நாகரிகத்துக்கான விதி மட்டுமல்ல, பறவையின் பயணக் கணக்கில் நேரடியாகச் சேரும் ஒன்று.

நேராக நடக்காதீர்கள், குறுக்காக, நின்று நின்று, குனிந்த உருவத்தோடு செல்லுங்கள். வரப்பின் மேல் நடப்பதை இயன்றவரை தவிர்த்து அதன் சரிவில் அமருங்கள். கூட்டம் தரும் அடையாளங்கள் தெளிவானவை: இரை தேடுவதை நிறுத்தித் தலை நிமிர்த்தினால் நில்லுங்கள், ஒற்றைக் காலில் தூங்கியவை மறுகாலை இறக்கினாலோ, எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினாலோ பின்வாங்குங்கள். பறந்த பிறகு நிற்பதில் பயனில்லை.

சேற்றில் இறங்க வேண்டாம். மேலே காய்ந்து வெடித்திருக்கும் இடத்துக்கு அடியில் முழங்கால் அளவு உளை இருக்கக்கூடும்.

கண்ணியையோ வலையையோ கண்டால் அதைத் தொடாமல், இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு வனத்துறையினரிடம் உடனே தெரிவியுங்கள். பறவை பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். பிடிப்பவர்களோடு நேரில் வாதாடுவது உங்களுக்கும் பாதுகாப்பல்ல, நடவடிக்கைக்கும் உதவாது.

6. முதலில் மொத்தம், பிறகு பங்கு

கூட்டம் கண்ணில் பட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, இனம் பாராமல் மொத்தத்தை எண்ணுவது. காரணம் எளிது: பெயரை நாளைக்கும் படத்தைப் பார்த்துச் சரிசெய்யலாம், பறந்துபோன கூட்டத்தின் எண்ணிக்கையைத் திரும்பப் பெற முடியாது. ஒரு வல்லூறு மேலே வந்தால் எல்லாம் முடிந்துவிடும்.

கூட்டத்தின் ஓரத்தில் 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவில் 50 வரை நகருங்கள். பின்பு 50-ஐ ஒரு கட்டமாக வைத்துக் கூட்டத்தின் மறுமுனை வரை போங்கள். நடுப்பகுதியில் பறவைகள் நெருக்கமாக இருக்கும் என்பதால் அங்கே கட்டத்தைச் சுருக்க வேண்டும். ஓரத்து அளவையே நடுவுக்கும் வைத்தால் எண்ணிக்கை குறைந்துவிடும். முடிந்ததும் எதிர்த் திசையில் மீண்டும் எண்ணுங்கள். இரண்டும் பெரிதும் வேறுபட்டால் மூன்றாம் முறை. பறக்கும் கூட்டத்தைப் பின்புறமிருந்து முன்னோக்கி எண்ணுங்கள். முன்புறமிருந்து தொடங்கினால் நீங்கள் எண்ணும் பறவைகளே உங்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கும்.

கலப்புக் கூட்டத்தை இனவாரியாகப் பிரிப்பதற்கு ஓர் உதாரணம். மொத்தம் 1,200 என்று வைத்துக்கொள்வோம். தொலைநோக்கியைக் கூட்டத்தின் நான்கு வெவ்வேறு இடங்களில் நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் 50 பறவைகளை மட்டும் இனம் பிரியுங்கள். அந்த 200-ல் கொசு உள்ளான் 112, வளைமூக்கு உள்ளான் 56, மணல் உப்புக்கொத்தி 32 என்று வந்தால், பங்கு முறையே 56, 28, 16 விழுக்காடு. 1,200-க்கு அது சுமார் 670, 340, 190 ஆகும். நான்கு இடங்களில் இரண்டு ஓரத்திலும் இரண்டு நடுவிலும் இருக்க வேண்டும்; சிறிய பறவைகள் ஓரத்தில் திரள்வதால், ஓரத்தை மட்டும் பார்த்தால் கொசு உள்ளானின் பங்கு பெருத்துவிடும்.

இப்படிக் கிடைத்த எண் மதிப்பீடு என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். 672 என்று எழுதுவது இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும்.

7. இனம் காணும் வரிசை

நிறத்திலிருந்து தொடங்காதீர்கள். இந்த மாதங்களில் பெரும்பாலானவை சாம்பலும் வெள்ளையுமாகவே இருக்கும். சேறு படிந்தால் நிறம் பொய் சொல்லும். அளவு, அலகின் நீளமும் வளைவும், கால், நடை, பறக்கும்போது இறக்கையிலும் முதுகிலும் தெரியும் வெள்ளை என்ற வரிசையில் செல்லுங்கள்.

அளவுக்கு, பக்கத்தில் நிற்கும் தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள். பவளக்காலியை நன்றாகப் பழகிக்கொண்டால் அதுவே உங்கள் அளவுகோல்: அதைவிடச் சிறியதா, பெரியதா என்ற ஒரே கேள்வியில் பாதிப் பட்டியல் விலகிவிடும்.

நடை அடுத்து வரும். சிறிது ஓடி, சட்டென்று நின்று, குனிந்து ஒரு கொத்து கொத்தினால் உப்புக்கொத்தி. அவை கண்ணால் இரை தேடுகின்றன. அதனால்தான் குட்டையான அலகும் பெரிய கண்ணும். நிற்காமல் நகர்ந்தபடி சேற்றைத் துளைத்துக்கொண்டே போனால் உள்ளான் வகை. அவை அலகின் நுனியால் தடவி உணர்கின்றன. டெரெக் உள்ளான் மேல்நோக்கி வளைந்த அலகோடு அவசர அவசரமாக ஓடும். மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறக் கால் அதை உறுதிப்படுத்தும். கல்திருப்பி உள்ளான் சிப்பியையும் கடற்பாசியையும் அலகால் புரட்டும்.

பறக்கும் கணத்தில் கிடைக்கும் அடையாளங்கள்தான் மிக உறுதியானவை. ஆகவே பறவை எழும்போது நோக்கியை இறக்கிவிடாதீர்கள். இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளை என்றால் பவளக்காலி. வெள்ளை முதுகில் ஆப்பு போல மேலேறினால் பச்சைக்காலி. இறக்கையில் பளிச்சென்ற வெள்ளைப் பட்டையும் கறுத்த வால் நுனியும் கருவால் மூக்கனுக்கு. இறக்கைப் பட்டை இல்லாமல் வாலில் குறுக்குக் கோடுகள் இருந்தால் பட்டைவால் மூக்கன். வாலுக்கு மேலே முழு வெள்ளை வளைமூக்கு உள்ளானுடையது. சாம்பல் உப்புக்கொத்தி பறக்கும்போது அதன் அக்குளில் கரும்புள்ளி தெரியும். தொலைவிலிருந்தும் இது தப்பாது.

புதியவர்களை அதிகம் குழப்புபவை சிறிய உப்புக்கொத்திகள். பிடரியில் வெள்ளை வளையம் முழுதாகச் சுற்றியிருந்து, மார்பின் இருபக்கமும் கரிய திட்டு மட்டும் இருந்தால் கென்டிஷ் உப்புக்கொத்தி. பிடரியில் வெள்ளை இல்லாவிட்டால் மணல் உப்புக்கொத்தி. அதிலும் சிறியது, பெரியது என்ற பிரிவுக்கு அலகின் நீளத்தையும் தடிப்பையும் பார்க்க வேண்டும். தனியாக நிற்கும் ஒரு பறவையை வைத்துத் தீர்ப்புச் சொல்வது கடினம். சிறு மணல் உப்புக்கொத்தி அண்மை ஆண்டுகளில் திபெத்திய, சைபீரிய இனங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளதால், பழைய கையேட்டை வைத்திருப்பவர்கள் பட்டியலில் பெயர் மாறியிருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. உலகில் மிக அரிதாகிவிட்ட கரண்டிமூக்கு உள்ளான் முற்காலத்தில் இங்கே பதிவாகியிருப்பதால், அதைத் தேடும் ஆவலோடு வருபவர்கள் உண்டு. கொசு உள்ளானின் அலகு நுனியில் சேற்று உருண்டை ஒட்டியிருந்து, அது நேர் எதிரே நம்மைப் பார்த்து நின்றால், அலகு கரண்டியாகவே தோன்றும். பறவை பக்கவாட்டில் திரும்பும் வரையும், அலகை ஒருமுறை நீரில் கழுவும் வரையும் காத்திருங்கள். அப்போதும் ஐயம் இருந்தால் படத்தோடு அனுபவம் உள்ளவரிடம் கேளுங்கள்.

இனம் பிரியாதவற்றை ‘உப்புக்கொத்தி, இனம் தெரியவில்லை: 40’ என்று எழுதுங்கள். அது முழுமையான பதிவு. ஊகித்து எழுதிய பெயர், பின்னால் அந்தப் பட்டியலைப் பயன்படுத்துபவரைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்லும்.

8. வயதைக் குறித்தல்

இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இந்தப் பருவத்தில் கிடைக்கும் மதிப்புமிக்க தகவல்களில் இதுவும் ஒன்று. இளம் பறவைகளின் பங்கைப் பார்த்து, வடக்கே அந்த ஆண்டு இனப்பெருக்கம் எப்படி இருந்தது என்பதை ஓரளவு அறியலாம்.

வளர்ந்த பறவையின் இறகுகள் தேய்ந்து, விளிம்பு கிழிந்து, பழைய செந்நிறமும் புதிய சாம்பலும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும். இளம் பறவையின் இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் முளைத்தவை. ஆகவே ஒரே சீராக, ஒவ்வொன்றும் வெளிர் விளிம்போடு, முதுகு முழுதும் மீன் செதிள் அடுக்கியது போல இருக்கும். வளைமூக்கு உள்ளானின் இளம் பறவைக்கு மார்பில் மெல்லிய இளஞ்சிவப்புச் சாயலும் உண்டு. நவம்பருக்குள் இளம் பறவைகளும் இறகு மாற்றத் தொடங்குவதால் இந்த வேறுபாடு மங்கும். அதனால் இதைச் செப்டம்பர், அக்டோபரிலேயே செய்ய வேண்டும்.

9. கால் வளையத்தையும் கொடியையும் படித்தல்

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் நீண்ட காலமாகப் பறவைகளின் காலில் அடையாள வளையமிட்டு வருகிறது. ஆகவே ஓய்வெடுக்கும் கூட்டத்தில் கால்களை வரிசையாகப் பாருங்கள். கொடி (காலில் மாட்டிய நிறப் பட்டை) தெரிந்தால் எந்தக் கால், முழங்கால் போன்ற மூட்டுக்கு மேலா கீழா, நிறம் என்ன, இரண்டு நிறம் இருந்தால் மேலே எது, எழுத்துகள் என்ன என்ற ஐந்தையும் அங்கேயே எழுதுங்கள். ‘வலது’ என்பது பறவையின் வலது. எதிரே நிற்கும்போது அது நமக்கு இடப்பக்கம். இந்த ஒரு குழப்பத்தால் பல பதிவுகள் வீணாகின்றன.

எழுத்துப் படிக்க முடியாவிட்டாலும் நிறமும் நிலையும் போதும். எந்த நாட்டில் கட்டிய கொடி என்பதை அவற்றிலிருந்தே பெரும்பாலும் அறியலாம். எழுத்துக்காகத் துரத்தாதீர்கள். விவரத்தை அக்கழகத்துக்கு அனுப்பினால், வளையமிட்ட இடமும் நாளும் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு.

10. காட்டையும் வானத்தையும் விட்டுவிடாதீர்கள்

செப்டம்பர், அக்டோபரில் ஆறுமணிக் குருவி, கொடிக்கால் வாலாட்டி, பல வகை ஈப்பிடிப்பான்கள் ஆகியவை இந்தக் காட்டில் இறங்கித் தெற்கே செல்கின்றன. இராமர் பாதத்துக்குச் செல்லும் வழியிலும் முனியப்பன் ஏரியைச் சுற்றியும் மெதுவாக நடந்து, சருகு புரளும் ஓசையைக் கவனியுங்கள். குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்க வேண்டாம். களைத்து இறங்கிய பறவைக்கு அது வீண் அலைச்சல்.

தகைவிலான்களும் நீலவால் பஞ்சுருட்டான்களும் பகலில், தாழ்வாக, கரையையொட்டிப் பறந்து கடக்கும். 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, ஒரு கற்பனைக் கோட்டைக் கடப்பவற்றை மட்டும் திசையோடு எண்ணுங்கள். திரும்பி வருபவற்றைக் கழிக்க மறக்காதீர்கள்.

11. குறிப்பேட்டிலிருந்து பட்டியலுக்கு

ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பட்டியல் எழுதுங்கள். சதுப்பு, உப்பளம், கிழக்குக் கரை, காடு எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டினால், எந்தப் பறவை எந்த நிலத்தைப் பயன்படுத்தியது என்பது தெரியாமல் போகும். இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், ஓத நிலை, காற்றின் திசை, சதுப்பில் நீர் எந்த அளவு என்பனவற்றைத் தலைப்பில் குறியுங்கள். நீரளவை எழுதாத எண்ணிக்கையை அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியாது.

அன்று மாலையே, பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். கண்டு அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் சேர்த்திருந்தால் மட்டும் ‘முழுமையான பட்டியல்’ என்று குறிக்க வேண்டும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால் அது முழுமையல்ல. எண்ணாத இனத்துக்கு மட்டும் எக்ஸ் குறி போடலாம், ஆனால் தோராயமாகவேனும் ஓர் எண்ணே மேல். அரிய பறவை அல்லது வழக்கத்துக்கு மாறான பெரிய எண்ணிக்கை என்றால் சரிபார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், என்ன பார்த்தீர்கள், எப்படி எண்ணினீர்கள் என்பதைக் குறிப்புப் பகுதியில் முன்பே எழுதிவிடுங்கள். பறவைகள் ஓய்வெடுக்கும் இடத்தின் துல்லியமான அமைவைச் சமூக ஊடகத்தில் பகிர வேண்டாம்.

12. அதே பாதையில் மீண்டும்

ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ அதே ஓத நிலையில் எண்ணுங்கள். ஓதம் அமாவாசை, பௌர்ணமியைப் பின்பற்றுவதால், இரண்டு வார இடைவெளியில் நேரமும் நீரும் ஓரளவு ஒத்துவரும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடப்பதால், கடந்து செல்லும் பறவைகள் அதில் அகப்படுவதில்லை. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை தனியாட்கள் எடுக்கும் கணக்கே அந்த இடைவெளியை நிரப்புகிறது. அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள் என்பதால், உங்கள் எண்ணும் நாட்களில் ஒன்றை அன்றைக்கு வைத்துக்கொண்டால் பிற கரைகளில் எண்ணுபவர்களின் பதிவோடு ஒப்பிட முடியும்.

பறவையே இல்லாத நாளிலும் பட்டியலை ஏற்றுங்கள். நீர் இருந்தும் பறவை இல்லையா, நீரே இல்லையா என்பதை அதில் தவறாமல் எழுதுங்கள்.